தாலியன் நகரமும் அதன் உதைபந்தாட்டமும்

சீன தேசத்தின் நிலப்படத்தை விரித்து அதன் வடகீழ்த் திசையை நோக்கும் மாணவர், மஞ்சட் கடலுக்கும் போகாய்க் கடலுக்கும் இடையே ஒரு விரலை நீட்டினாற்போலத் தெற்கு நோக்கி இறங்கும் லியாவோதுங் தீபகற்பத்தைக் காண்பர். அவ்விரலின் நுனியிலே அமைந்திருப்பது தாலியன் என்னும் துறைமுக நகரம். கப்பல் கட்டுந் தொழிலாலும், கடலுணவாலும், கோடையிலும் குளிர்ந்து வீசும் கடற்காற்றாலும் அது பெயர் பெற்றது. ஆயினும், சீனரிடம் தாலியன் என்று சொன்னவுடன் அவர் நினைவில் முந்தி எழுவது இவற்றுள் ஒன்றுமன்று, உதைபந்தாட்டமே. அந்நாட்டில் ‘உதைபந்து நகரம்’ என்னும் சிறப்புப் பெயர் இவ்வூருக்கு உரியது.

2025 ஆம் ஆண்டு வைகாசி மாதத்திலே இந்நகரிற் சில நாட்கள் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. வெளிநாடு செல்வோர் கோயில்களையும் கோட்டைகளையும் நாடிச் செல்வது வழக்கம். நாம் அவற்றோடு ஒரு விளையாட்டரங்கையும் நாடிச் சென்றோம். ஏனெனில், பணத்தாற் பெருகிப் பணத்தாலேயே குலைந்த சீன உதைபந்தாட்டத்தின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு நகரிலே நின்று படித்துவிடலாம்.

பெயர்கள் மாறிய நகரம்

தாலியன் பழைமையான நகரமன்று. 1898 ஆம் ஆண்டில் ருசியர் இத்தீபகற்பத்தின் தென்முனையைச் சீனப் பேரரசிடம் குத்தகையாகப் பெற்று, ‘டால்னி’ என்று பெயரிட்டு ஒரு துறைமுகத்தை அமைக்கத் தொடங்கினர். தூரத்திலுள்ளது என்பதே அப்பெயரின் பொருள். ருசிய - யப்பானிய யுத்தத்தின் பின்னர், 1905 இல் யப்பானியர் இதனைக் கைப்பற்றி ‘டைரன்’ என அழைத்தனர். 1945 இல் யப்பான் தோல்வியுற்றதும் சோவியத் படைகள் வந்தன; அயலிலுள்ள லியூசுன் கடற்படைத் தளத்தை விட்டு அவை முற்றாக நீங்கியது 1955 இலேதான். ஆளவந்தோர் ஒவ்வொருவரும் தத்தமக்கு விருப்பமான பெயரைச் சூட்டிப் போயினர். ஊர் மக்களோ அங்கேயே இருந்தனர்.

இவ்வரலாற்றின் சுவடுகளை நகரின் நடுவேயுள்ள சொங்சான் சதுக்கத்திற் காணலாம். சதுக்கம் என்பது பெயரளவிலேயே. உண்மையில் அது ஒரு பெரிய வட்டம். ருசியர் வகுத்த திட்டப்படி அவ்வட்டத்திலிருந்து பத்து வீதிகள் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலப் பிரிந்து செல்கின்றன. சுற்றிவர நிற்கும் வங்கிகளும் விடுதியும் யப்பானியர் காலத்துக் கற்கட்டிடங்கள். 1909 இல் ஓடத் தொடங்கிய ட்ராம் வண்டிச் சேவை இன்றும் நகரில் உண்டு. வைகாசி மாதத்தில் வீதியோரத்து மரங்களிலே வெண்ணிறப் பூங்குலைகள் தொங்குகின்றன. அவற்றின் நறுமணம் ட்ராம் வண்டியின் சாளரத்தினூடே வந்து பயணிகளைத் தழுவுகின்றது.

சதுக்கத்திற்குச் சற்றுத் தூரத்திலுள்ள தொழிலாளர் பூங்காவிலே, ஒரு குன்றின்மீது, கட்டிடமளவான உதைபந்தொன்றை அமைத்து வைத்திருக்கின்றனர். பிற நகரங்கள் மன்னர்க்கும் வீரர்க்கும் சிலை எடுத்த உயரத்திலே இவ்வூரார் பந்தை வைத்துள்ளனர் என்பதை எண்ணி நாம் சிறிது நேரம் அதனை நோக்கி நின்றோம்.

எட்டு முறை வெற்றி

சீனாவில் உதைபந்தாட்டம் நெடுங்காலம் அரசின் பொறுப்பிலேயே இருந்தது. மாகாணங்களின் விளையாட்டுத் துறையினரும் சேனையினரும் குழுக்களை நடாத்தினர். ஆட்டக்காரர் அரச சம்பளம் பெற்றனர். இம்முறையிலே தலைசிறந்து விளங்கியது தாலியன் அமைந்துள்ள லியாவோனிங் மாகாணத்தின் குழுவே. 1989-90 ஆம் ஆண்டுக்கான ஆசியக் கழகங்களின் கிண்ணத்தையும் அது வென்றது. சீனக் கழகமொன்று ஆசியக் கிண்ணத்தை வென்றது அதுவே முதன்முறை.

1992 ஆம் ஆண்டில் பெய்ஜிங் நகரின் புறத்தேயுள்ள ஹொங்சான்கோவிற் கூடிய மாநாடு ஒன்று, உதைபந்தாட்டத்தைத் தொழின்முறைக்கு மாற்றுவதெனத் தீர்மானித்தது. அதன்படி 1994 ஆம் ஆண்டு சித்திரை 17 ஆந் தேதி, பன்னிரண்டு கழகங்களுடன் முதலாவது தொழின்முறை லீக் ஆரம்பமாயிற்று. ஒவ்வொரு கழகமும் சொந்த ஊரில் ஒருமுறையும் எதிரியின் ஊரில் ஒருமுறையும் ஆடவேண்டும் என்பது விதி. கழகங்களுக்குப் பணம் வேண்டுமன்றோ? அதனை அளிக்க வர்த்தக நிறுவனங்கள் முன்வந்தன. பதிலாகக் கழகத்தின் பெயரிலே தம் பெயரையும் சேர்த்துக்கொண்டன.

தாலியனுக்கு வந்தது வாண்டா என்னும் கட்டிட வர்த்தக நிறுவனம். முதலாண்டிலேயே தாலியன் வாண்டா கழகம் வெற்றி வாகை சூடியது. 1996, 1997, 1998 ஆம் ஆண்டுகளிலும் அதுவே முதலிடம் பெற்றது. 1995 இலிருந்து 1997 வரை தொடர்ந்து 55 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணாத சாதனையையும் அது நிலைநாட்டியது. பிற்காலத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிற்றி கழகத்திற்காக ஆடிப் புகழெய்திய சுன் சிகாய் இவ்வூரிற் பிறந்து இக்கழகத்தில் வளர்ந்தவரே.

1998 ஆம் ஆண்டின் கிண்ணப் போட்டி அரையிறுதியிலே மத்தியஸ்தர் அளித்த தீர்ப்புகளைக் கண்டு வெகுண்ட வாண்டா அதிபர், உதைபந்தாட்டத்தை விட்டே விலகுவதாக அறிவித்தார். கழகம் ஷிடே என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறியது. பெயர் மாறியும் வெற்றி மாறவில்லை. 2000, 2001, 2002, 2005 ஆம் ஆண்டுகளிலும் தாலியனே முதலிடம் பெற்றது. பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு முறை!

அதன்பின் வந்தது இறக்கம். 2012 இல் ஷிடே அதிபர் காவலில் வைக்கப்பட்டார், நிறுவனம் தள்ளாடியது, 2013 தை மாதத்திலே எட்டு முறை வென்ற கழகம் கலைக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளின் முன்னரே ஊரில் வேறொரு கழகம் தோன்றியிருந்தது. அதுவும் அதிபர் மாறுந்தோறும் பெயரை மாற்றிக்கொண்டு, ஈற்றில் ‘தாலியன் புரோ’ எனப்பட்டது. 2019 இல் ஸ்பானியப் புகழ்ப் பயிற்றுநர் ரபாயெல் பெனிற்றெஸ் கூட அதற்குப் பயிற்றுநராக வந்தார். கடன் சுமை மாத்திரம் குறையவில்லை. 2024 தை மாத இறுதியில் அக்கழகமும் மறைந்தது.

பணம் வந்த வழியும் போன வழியும்

இது தாலியனின் கதை மாத்திரமன்று. தெற்கே, முன்னாளில் கன்ரன் என நாம் அறிந்திருந்த குவாங்சோ நகரின் கழகத்தை 2010 இல் எவர்கிராண்ட் என்னும் கட்டிட நிறுவனம் வாங்கியது. 2011 முதல் 2017 வரை ஏழு ஆண்டுகள் இடைவிடாது லீக்கை வென்ற அக்கழகம், 2019 இல் எட்டாவது முறையும் வென்று தாலியனின் கணக்கை எட்டிப் பிடித்தது. 2013 இலும் 2015 இலும் ஆசியக் கிண்ணமும் அதற்கே கிடைத்தது. இத்தாலிக்கு உலகக் கிண்ணம் பெற்றுக்கொடுத்த லிப்பியும் பிறேசிலுக்குப் பெற்றுக்கொடுத்த ஸ்கொலாரியும் அங்கே பயிற்றுநராக இருந்தனர்.

ஏனைய கழகங்கள் வாளாவிருக்குமா? ஷாங்காய் துறைமுகக் கழகம் பிறேசில் வீரர் ஒஸ்காரை இங்கிலாந்திலிருந்து பெறுவதற்கு ஏறத்தாழ 6 கோடி யூறோ கொடுத்தது. நான்சிங் நகரின் சியாங்சு கழகம் அலெக்ஸ் ரெய்செய்றா என்பவருக்கு 5 கோடி யூறோ அளவிற் கொடுத்தது.

இங்கே மாணவர் ஒரு கணக்கை மனத்திற் கொள்ளுதல் நன்று. நுழைவுச்சீட்டு விற்பனையும், ஒளிபரப்பு உரிமையும், சட்டை விற்பனையும் சேர்ந்தே ஒரு கழகத்தின் இயல்பான வருவாய். இக்கழகங்களின் செலவோ அவ்வருவாயைப் பன்மடங்கு விஞ்சியது. பற்றாக்குறையை அதிபரின் நிறுவனம் நிரப்பியது. அந்நிறுவனங்களிற் பல கடன்பட்டுக் காணி வாங்கி, வீடு கட்டி விற்பவை. கழகத்தால் நிறுவனத்தின் பெயர் நாடெங்கும் பரவியது. நகர நிர்வாகத்தாரின் நல்லெண்ணமும் கிட்டியது. வீட்டு விற்பனை பெருகிய வரையில் ஆபத்து வெளித்தெரியவில்லை. 2021 இல் எவர்கிராண்ட் தன் கடனைத் தீர்க்க இயலாது நின்றபோது கழகமும் உடன் சரிந்தது. 2025 தை மாதம் 6 ஆந் தேதி, லீக்கில் ஆடும் அனுமதியைப் பெற வழியின்றிக் குவாங்சோ கழகம் தன் முடிவை அறிவித்தது. எட்டு முறை வென்ற கழகங்கள் இரண்டு, இரண்டும் இன்றில்லை.

சியாங்சு கழகத்தின் முடிவு இன்னும் விரைவானது. 2020 கார்த்திகை மாதத்தில் அது லீக்கை முதன்முறையாக வென்றது. 2021 மாசி 28 ஆந் தேதி, நான்கு மாதங்கூட நிறையாத நிலையில், அதன் உரிமையாளரான சுனிங் என்னும் வர்த்தக நிறுவனம் கழகத்தின் இயக்கத்தை நிறுத்திவிட்டது. பழம் புகழ் வாய்ந்த லியாவோனிங் கழகமோ 2020 இலேயே மறைந்துபோயிற்று.

பணத்தின் பின்னே இலஞ்சமும் வந்தது. 2002 இல் உலகக் கிண்ணப் போட்டியிற் பணியாற்றிய மத்தியஸ்தர் லூ சுன், இலஞ்சம் பெற்ற குற்றத்திற்காக 2012 இற் சிறை சென்றார். அதன் பின்னரும் நோய் தீரவில்லை. உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைவராயிருந்த சென் சுயுவானுக்கு 2024 பங்குனியில் ஆயுட் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. லியாவோனிங் மண்ணிற் பிறந்து, தேசியக் குழுவில் ஆடி, பின் அதற்கே பயிற்றுநரான லி தியே அதே ஆண்டு மார்கழியில் இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

சங்கத்தாரும் சில விதிகளைச் செய்தனர். 2017 இல், பெரும் விலைக்கு அந்நிய வீரரை வாங்கும் கழகம் அதேயளவு தொகையை வரியாகவும் செலுத்தவேண்டும் என்றனர். பின்னர் சம்பளத்திற்கு எல்லை வகுத்தனர். 2021 முதல் கழகத்தின் பெயரில் உரிமையாளரின் நிறுவனப் பெயர் இருத்தலாகாது எனவும் கட்டளையிட்டனர். சாந்துங் கழகம் தன் மாகாணத்தின் புனித மலையாகிய தைசானின் பெயரைச் சூடிக்கொண்டது. தியென்சின் கழகம் தன் நகரின் பழம்பெயரை எடுத்துக்கொண்டது. இது சிறிய மாற்றம் போலத் தோன்றலாம். ஆயினும், கழகம் யாருடையது என்னும் கேள்விக்கு அது ஒரு விடையாகும்.

கடலின் கீழ்ச் சென்ற பயணம்

தாலியன் புரோ மறைந்த 2024 ஆம் ஆண்டிலே, கீழ்ப்பிரிவில் ஆடிக்கொண்டிருந்த தாலியன் யிங்போ என்னும் இளங்கழகம் எஞ்சியிருந்தது. ஊரார் அதன் பின்னே திரண்டனர். அவ்வாண்டே இரண்டாம் பிரிவில் இரண்டாம் இடம் பெற்று, 2025 இல் அது சுப்பர் லீக் எனப்படும் முதற்பிரிவிற்கு ஏறியது. அக்கழகத்தின் ஆட்டமொன்றையே நாம் காணச் சென்றோம்.

நகரின் பிரதான புகைவண்டி நிலையத்திலிருந்து ஐந்தாம் இலக்க நிலக்கீழ்ப் புகைவண்டியில் ஏறினோம். அது கடலின் அடியிலே குடைந்த சுரங்கத்தினூடாகச் சென்று, அடுத்த நிலையத்திற் கரையேறுகின்றது. அங்கே, கடலை நிரப்பி ஆக்கிய நிலத்திலே, மூன்று புறமும் நீர் சூழ, சுவோயூ விரிகுடா விளையாட்டரங்கு நிற்கின்றது. அலைகளை அடுக்கி வைத்தாற்போன்ற அதன் தோற்றம் தூரத்திலிருந்தே கண்ணைக் கவரும். ஏறத்தாழ 63,000 பேர் அமரத்தக்க இவ்வரங்கு, 2023 இல் நடக்கவிருந்த ஆசியக் கிண்ணத்திற்கெனக் கட்டப்பட்டது. பெருந்தொற்றுக் காரணமாகச் சீனா அப்போட்டியை நடாத்தும் பொறுப்பை 2022 இற் கைவிட்டது. விருந்தினர் வராத அவ்வீட்டை ஊர் மக்களே நிரப்பினர்.

வண்டியிலே நிற்கவும் இடமில்லை. நீலச் சட்டை அணிந்த தந்தையர் தோளிலே குழந்தைகள். பள்ளிச் சீருடையைக் களையாமலே வந்த மாணவர். கையில் தின்பண்டப் பொதிகளுடன் தாய்மார். எமக்கு மொழிபெயர்ப்பாளராக வந்த கல்லூரி மாணவர், அருகிலிருந்த முதியவர் ஒருவரிடம் எம்மை அறிமுகஞ் செய்தார். கப்பற் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவராம். பேரனையும் அழைத்து வந்திருந்தார்.

“ஐயா, தாங்கள் எந்தக் கழகத்தின் அபிமானி?” என்று வினவினோம்.

“தாலியன்” என்றார்.

“வாண்டாவா, ஷிடேயா, இப்போதுள்ளதா?” என்று மீண்டும் வினவினோம். அவர் எம்மை வியப்போடு நோக்கினார். அவையெல்லாம் முதலாளிமாரின் பெயர்கள் என்றும், தாம் ஒருபோதும் முதலாளிக்காகக் கைதட்டியதில்லை என்றும் கூறினார். பின்னர் குரலைத் தாழ்த்தி, 2013 இற் கழகம் கலைந்தபோது இனி மைதானப் பக்கமே போவதில்லையென மனைவியிடம் சொன்னதாகவும், பேரன் பிறந்து நடக்கத் தொடங்கியதும் அச்சொல்லைக் காப்பாற்ற முடியவில்லை என்றும் சொல்லிச் சிரித்தார்.

அரங்கினுள் நாம் கண்டது மனிதக் கடல். சீனர் தம் குழுவை ஊக்குவிக்க ‘சியா யோ’ என்று முழங்குவர். எண்ணெய் ஊற்று என்பது அதன் நேர்ப்பொருள். விளக்கு மங்காமல் எரியட்டும் என்று நாம் கொள்ளலாம். ஆயிரமாயிரம் குரல்கள் ஒருங்கே அவ்வாறு முழங்கியபோது இருக்கைகளும் அதிர்ந்தன. ஆட்டம் ஐரோப்பியக் கழகங்களின் தரத்தை எட்டியதென்று கூறோம். பந்தைத் தவறவிட்ட இளம் வீரனை ஏசாது, முன்னிலும் உரக்க அழைத்த அக்கூட்டத்தின் தரம் உயர்ந்தது என்று கூறுவோம்.

பதின்மூன்று நகரங்களின் ஆட்டம்

இதே உண்மையை அதே ஆண்டில் வேறொரு மாகாணமும் காட்டிற்று. சியாங்சு மாகாணத்தின் தலைநகராகிய நான்சிங் நம்மவர்க்குத் தொடர்பில்லாத ஊரன்று. காலியிற் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ள, சீனமும் தமிழும் பாரசீகமும் பொறித்த 1409 ஆம் ஆண்டுக் கல்வெட்டைக் கொணர்ந்த செங் ஹேயின் கப்பல்களைக் கட்டிய பட்டறைகள் அந்நகரில் இருந்தன. தொழின்முறைக் கழகத்தை 2021 இல் இழந்த அம்மாகாணத்திலே, 2025 வைகாசி 10 ஆந் தேதி, பதின்மூன்று நகரங்களுக்கிடையே ஒரு லீக் தொடங்கியது. ஆடியோரிற் பெரும்பாலோர் ஆசிரியர், மாணவர், கடைச் சிப்பந்திகள் முதலிய சாதாரண மக்கள்.

முன்னாளிற் சீன விளையாட்டுக்கு ஒரு மகுட வாக்கியம் இருந்தது: நட்பு முதலாவது, போட்டி இரண்டாவது என்பது. இந்த லீக்கின் இரசிகர் அதனை வேடிக்கையாக மாற்றி, போட்டி முதலாவது, நட்பு பதினான்காவது என்றனர். சாங்சோ நகரம் தொடர்ந்து தோற்றது. தோல்விக்கொரு பகுதியாக அந்நகரப் பெயரின் முதலெழுத்தை அழித்து, ஈற்றில் ஒரு கோடு மாத்திரம் எஞ்சும்படி எழுதி அயலூரார் நகைத்தனர். சாங்சோ மக்களும் சேர்ந்து நகைத்தனர். கார்த்திகை முதலாந் தேதி நான்சிங் ஒலிம்பிக் அரங்கிலே நடந்த இறுதியாட்டத்தை அறுபதினாயிரத்திற்கு மேற்பட்டோர் கண்டுகளிக்க, தைசோ நகரம் நான்தொங்கைத் தண்ட உதைகளால் வென்றது. கோடிகளைக் கொட்டிய சியாங்சு கழகத்தின் சொந்த அரங்கும் அதுவேயாகும்.

இதனைக் கொண்டு, பணமின்றியே எல்லாம் நடக்கும் என்று முடிவு செய்தல் தவறு. தொழின்முறை ஆட்டக்காரனுக்கும் குடும்பம் உண்டு. கழகங்கள் குலைந்த காலத்திலே மாதக்கணக்காய்ச் சம்பளமின்றித் தவித்த வீரர் பலர். கைதட்டல் அவர்கள் வீட்டு அடுப்பை எரிக்காது. வருவாய்க்குத் தக்க செலவும், மறைவற்ற கணக்கும், நேர்மையான மத்தியஸ்தமும் இல்லாத இடத்திலே அன்பு எத்துணைப் பெரிதாயினும் ஆட்டம் நிலைபெறாது. அன்பு இல்லாத இடத்திலோ, 6 கோடி யூறோ கொடுத்து வாங்கிய வீரனும் வழிப்போக்கனாகவே வந்து போவான். இரண்டும் வேண்டும். சீன தேசம் கடந்த முப்பது ஆண்டுகளிற் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம் இதுவே.

தாலியன் யிங்போ கழகம் 2025 ஆம் ஆண்டு முடிவிலே கிண்ணம் எதுவும் பெறவில்லை. முதற்பிரிவிலிருந்து இறங்காமல் தன் இடத்தைக் காத்துக்கொண்டது, அவ்வளவே. எட்டு முறை முடிசூடிய ஊருக்கு இது சிறு பேறு. ஆயினும், பல முதலாளிமாரைக் கண்டு, இரண்டு கழகங்களை அடக்கஞ் செய்த ஒரு நகரம், அடுத்த பங்குனியில் மீண்டும் ஆட்டம் தொடங்கும் என்ற நம்பிக்கையோடு தன் நீலச் சட்டையை மடித்து வைப்பது சிறு பேறன்று.